பெட்டி எந்தப் பக்கம் போகும்?

வடமதுரையில் ஒரு வீட்டுத் திண்ணை. மெல்போர்னில் படிக்கும் மகள் விடுமுறை முடிந்து இன்று ராத்திரி கிளம்புகிறாள். அட்டைப்பெட்டியைச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சில் கொக்கித் தராசை மாட்டித் தூக்குகிறார் அப்பா. முள் 32-ஐத் தாண்டி நிற்கிறது. டிக்கெட்டில் போட்டிருப்பது 30 கிலோ.

"தாயி, அந்தக் குக்கரை எடுத்துரு. அங்க போய் நின்னா கிலோவுக்கு இவ்வளவுன்னு காசு கேப்பாக."

"குக்கர் இருக்கட்டுங்க. அந்தத் தடிப் புஸ்தகத்தை எடுக்கச் சொல்லுங்க. எல்லாம் போன்லதான படிக்குது."

கயிறு அவிழ்கிறது, புத்தகம் வெளியே வருகிறது, கயிறு மறுபடி இறுகுகிறது. பெட்டி வண்டியில் ஏறுகிறது. ஊரைத் தாண்டி நான்குவழிச் சாலைக்கு வந்ததும் ஒரு பக்கம் அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை வழியே திருச்சி. மறுபக்கம் திண்டுக்கல், கொடைரோடு, வாடிப்பட்டி வழியே மதுரை. இரண்டு ஏர்போர்ட்டுமே ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்குள்தான். ஊர்ப் பெயரிலேயே மதுரை இருக்கிறது. துணி எடுக்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, சித்திரைத் திருவிழா பார்க்க என்று இந்தப் பக்கத்துச் சனம் காலங்காலமாகப் போவதும் மதுரைக்குத்தான். ஆனால் டிரைவர் யாரையும் கேட்கவில்லை. வண்டி திருச்சிப் பக்கம் திரும்புகிறது.

ஏன்? இந்தக் கேள்விக்கு விடை டிரைவரிடம் பாதிதான் இருக்கிறது. மீதி, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் துபாயிலும் விமான நிறுவனங்களின் வழித்தடத் திட்டப் பிரிவுகளில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வடமதுரையைக் கேள்விப்பட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் அவர்கள் கணக்கில் வடமதுரை ஒரு புள்ளியாக வந்து விழுகிறது. அது சரியான இடத்தில் விழுகிறதா என்பதில்தான் இந்த ஊர்க்காரர்களின் ஒரு ராத்திரித் தூக்கம் அடங்கியிருக்கிறது.

ஒரு விமான நிலையத்தைச் சுற்றி, எவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் அதைத் தேடி வருவார்கள் என்று ஒரு வட்டம் போடுவது பழைய வழக்கம். ஏரிக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி இருப்பதுபோல ஏர்போர்ட்டுக்கு ஆள்பிடிப்புப் பகுதி. சாலையில் இரண்டு மணி நேரம் என்று வைத்து வட்டம் போட்டால் திருச்சியின் வட்டத்துக்குள்ளும் வடமதுரை வரும், மதுரையின் வட்டத்துக்குள்ளும் வரும். ஏரிக்கரையின் இந்தப் பக்கம் விழுந்த மழை இந்த ஏரிக்குத்தான் ஓடும். மனிதர்கள் அப்படி ஓடுவதில்லை.

1931-இல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர், இரண்டு நகரங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர்க்காரர்கள் கடைகண்ணிக்கு எந்த நகரத்துக்குப் போவார்கள் என்று கணக்கிட நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கடன் வாங்கினார். பெரிய நகரம் அதிகம் இழுக்கும், தூரம் கூடக்கூட இழுப்பு குறையும். இந்தக் கணக்குப்படி பார்த்தால் வடமதுரையை மதுரைதான் இழுக்கவேண்டும். ஜவுளிக்கு அது பொருந்துகிறது. விமானத்துக்குப் பொருந்தவில்லை. ஏனென்றால் இங்கே இழுப்பது நகரத்தின் அளவு அல்ல, அங்கிருந்து கிளம்பும் விமானங்களின் பட்டியல்.

மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடக் கூர்மையான கருவியைத் தந்தவர் டேனியல் மெக்ஃபேடன். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972-இல் பார்ட் என்ற மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அதில் ஏறுவார்கள் என்று அதிகாரபூர்வமாக எதிர்பார்த்தார்கள். மெக்ஃபேடன் குழு, பயண நேரம், காத்திருக்கும் நேரம், கட்டணம் என்று ஒவ்வொன்றும் ஒருவருக்கு எவ்வளவு உறுத்துகிறது என்பதை எடை போட்டு, 6.3 சதவீதம் என்றது. ஏறியவர்கள் 6.2 சதவீதம். இந்த வழிமுறைக்காக அவருக்கு 2000-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் கிடைத்தது. அதே வட்டாரத்தில் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, சான் ஹோசே என்று மூன்று ஏர்போர்ட்டுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றில் பயணிகள் எதைத் தேர்கிறார்கள் என்று 1987-இல் கிரெய்க் ஹார்வி ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் மேலோங்கி நின்றன: வீட்டிலிருந்து போய்ச்சேரும் நேரம், அங்கிருந்து எத்தனை விமானம் என்பது.

வடமதுரைக் குடும்பத்துக்கு முதல் காரணம் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். அதனால் தராசைச் சாய்ப்பது இரண்டாவதுதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நாள்தோறும் பறக்கின்றன. இன்றைய விமானம் தவறினால் நாளைக்கு ஒன்று இருக்கிறது. மகளுக்குப் பரீட்சை தேதி மாறினால் டிக்கெட்டை மாற்றலாம். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. மெக்ஃபேடன் வழியில் அந்த விலையைக்கூட ரூபாயில் சொல்லிவிடலாம்.

ஆனால் திருச்சிக்கு மட்டும் எப்படி இத்தனை விமானங்கள் வந்து சேர்ந்தன?

கொஞ்சம் பின்னால் போகவேண்டும், கப்பல் காலத்துக்கு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' கப்பல் பல்லாண்டு காலம் ஓடியது. அதற்குப்பின் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. தஞ்சை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் லேவாதேவிக்கும் போனவர்களின் பாதை அது. அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவரைச் சபுராளி என்பார்கள். அப்படி ஒரு தனிச்சொல்லே பிறக்கும் அளவுக்குப் பயணம் அங்கே வாழ்க்கையாக இருந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்து முடிந்துபோனது. ஆனால் அக்கரையில் இருக்கும் மாமனும் மச்சானும் அங்கேயேதான் இருந்தார்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வரத்தான் வேண்டும். பாதை அறுந்தாலும் தேவை அறுந்துபோகவில்லை. அந்தத் தேவையின் மையத்தில் இருந்த ஓடுதளம் திருச்சி.

வரைபடமும் திருச்சிக்குக் கைகொடுத்தது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். துபாயும் மேற்கே ஏறத்தாழ அதே 3,000 கிலோமீட்டர். இரண்டும் நான்கு மணி நேரச் சொச்சம். ஏர்பஸ் ஏ320, போயிங் 737-800 போன்ற நடுத்தர விமானத்துக்கு இதைவிடத் தோதான தூரம் அமையாது. சாயங்காலம் சிங்கப்பூரில் கிளம்பி, ராத்திரி திருச்சியில் இறங்கி, ஒரு மணி நேரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டுக்குத் திரும்பிவிடலாம். அங்கே விடிந்ததும் மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் பெரிய விமானங்கள் கிளம்புகின்றன. பகலெல்லாம் வேறு ஊர்களுக்குப் பறந்த விமானம் ராத்திரி சும்மா நிற்காமல் திருச்சிக்கு வந்துபோகிறது. மலிவுக் கட்டண நிறுவனங்களின் பிழைப்பே இந்த ஓய்வில்லாத ஓட்டத்தில்தான் இருக்கிறது. இதற்கு எதிர்முனையில் இருக்கும் ஏர்போர்ட் ராத்திரியில் விழித்திருக்கவேண்டும். மதுரை நிலையம் அண்மைக்காலம் வரை ராத்திரியில் மூடித்தான் கிடந்தது.

இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு காகிதம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. 1944-இல் சிகாகோவில் பல நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம், ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்றது. அன்றிலிருந்து ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுக்கு முறையாகப் பறக்க இரு அரசுகளும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடவேண்டும். வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இறங்கலாம் என்று எழுதிய ஊர்களைத் துறைக்காரர்கள் 'பாயின்ட் ஆஃப் கால்' என்பார்கள்.

2003-இல் வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாட்டு விமான நிறுவனங்களுக்கு இந்தியா தாராளமாகக் கதவு திறந்தது. பெருநகரங்களுக்கு அப்பால் 18 சுற்றுலா ஊர்களைப் பட்டியலிட்டு, அங்கே வரம்பில்லாமல் வந்துபோகலாம் என்றது. கயா, வாரணாசி, கஜுராஹோ, கொச்சி, அமிர்தசரஸ் என்று போகும் அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது திருச்சி. மீனாட்சியம்மன் கோயில் இருக்கும் மதுரை அதில் இல்லை. சுற்றுலா ஊர்களின் பட்டியலில் மதுரை விடுபட்டதை இன்று படித்தாலும் மனம் ஆறவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2008 டிசம்பரில் மலேசியாவின் ஏர்ஏசியா முதன்முதலாக இந்தியாவுக்குப் பறந்தபோது இறங்கிய ஊர் டெல்லியுமல்ல, மும்பையுமல்ல, திருச்சி. 2012 அக்டோபரில் திருச்சிக்குப் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய புதிய முனையம் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறக்கப்பட்டு, ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44.5 லட்சம் பேரைத் தாங்கும் கட்டடம் அது.

மதுரைக்கும் வெளிநாட்டு விமானம் உண்டு. 2010 செப்டம்பரில் அங்கே புதிய முனையம் வந்தது. 2012 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்குப் பறந்தது முதல் பன்னாட்டுச் சேவை. பின்னால் துபாய், சிங்கப்பூர், 2025-இல் அபுதாபி என்று இந்திய நிறுவனங்கள் வழிகளைத் திறந்தன. இந்திய நிறுவனத்துக்கு மேற்சொன்ன பட்டியல் தடையில்லை. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் இருந்தால் போதும். இலங்கையோடான ஒப்பந்தம் இடம்கொடுப்பதால் ஸ்ரீலங்கன் வருகிறது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, துபாய் நிறுவனங்களுக்கு மதுரையில் இறங்க உரிமை இல்லை. மதுரை வணிகர்களும் மக்கள் பிரதிநிதிகளும் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு வரியைத்தான்.

இந்த ஒரு வரியின் வலிமை தெரியவேண்டுமானால் கண்ணூரைப் பார்க்கலாம். 2018 டிசம்பரில் திறந்த அந்த நிலையத்தின் ஓடுதளம் 3,050 மீட்டர். திருச்சியையும் மதுரையையும்விட நீளம். சுற்றுவட்டாரத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு அரிது. ஓடுதளமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஆனால் பாயின்ட் ஆஃப் கால் தகுதி இல்லாததால் வெளிநாட்டு நிறுவனங்கள் எட்டிப்பார்க்க முடியவில்லை.

நேர் எதிரான கதை இலங்கையில் இருக்கிறது. அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் மத்தளையில் 2013 மார்ச்சில் சீனக் கடனில் ஒரு பன்னாட்டு விமான நிலையம் எழுந்தது. 3,500 மீட்டர் ஓடுதளம், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கான முனையம், அனுமதியும் தாராளம். சுற்றிலும் காடும் யானையும். 2015 ஜனவரியில் நாட்டின் சொந்த நிறுவனமான ஸ்ரீலங்கனே விலகிக்கொண்டது. 2018-இல் ஃப்ளைதுபாயும் போனது. அங்கே எல்லாம் இருந்தது, பெட்டி கட்டுகிற வீடுகள்தான் இல்லை.

சரி, மெல்போர்னுக்கோ லண்டனுக்கோ திருச்சியிலிருந்தே நேராகப் போக முடியாதா? இங்கேதான் அப்பாவின் கொக்கித் தராசு மறுபடி வருகிறது. விமானத்துக்கும் எடை போடுகிறார்கள்.

திருச்சி–லண்டன் ஏறத்தாழ 8,300 கிலோமீட்டர். இதற்குப் போயிங் 787-8 மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச எடையில் அது ஏறக்குறைய 228 டன். மணிக்குச் சுமார் 5 டன் எரிபொருள் குடிக்கும். பத்துப் பதினொரு மணி நேரத்துக்கு ஐம்பது டன்னுக்கு மேல் நிரப்பவேண்டும். சிங்கப்பூர் போகும் ஏ320-க்குப் பத்து டன் சொச்சம் போதும். எடை ஏற ஏற, எழும்புவதற்கு முன் ஓடவேண்டிய தூரமும் ஏறும். கடல்மட்டத்தில், 15 டிகிரி இதமான வெப்பத்தில், முழு எடையோடு 787-8 எழும்ப 2,600 மீட்டருக்கு மேல் வேண்டும். திருச்சி ஓடுதளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். மதுரை 2,285.

அதோடு நம் ஊர் வெயில். 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. சித்திரை மாத மதியம் 40 டிகிரியில் திருச்சிக் காற்று அதைவிட ஒன்பது சதவீதம் லேசாகிவிடுகிறது. இறக்கை தள்ளுவதற்குக் காற்று குறைவு, இன்ஜின் இழுப்பதற்கும் காற்று குறைவு. அதே எடையைத் தூக்க விமானம் இன்னும் வேகமாக ஓடவேண்டும். அந்த வேகத்தை எட்டுவதற்குள் ஓடுதளம் முடிந்துவிடக் கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இன்ஜின் நின்றுபோனால், ஒரு குறிப்பிட்ட வேகம்வரை பிரேக் போட்டு ஓடுதளத்துக்குள்ளேயே நிற்க முடியவேண்டும், அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் மிஞ்சிய ஒரே இன்ஜினில் எழும்ப முடியவேண்டும். ஓடுதளத்தின் நீளம் இரண்டுக்கும் இடம்கொடுக்கவேண்டும். இடம் போதாவிட்டால் குக்கரை எடுத்த கதைதான். எரிபொருளைக் குறைத்தால் லண்டன் எட்டாது. ஆட்களைக் குறைத்தால் காசு கட்டாது. மிச்சமிருப்பது சரக்கு. நிலக்கோட்டை மல்லிகையும் ஒட்டன்சத்திரம் காய்கறியும் முதலில் கீழே இறங்கும். பெரிய விமானத்தின் வயிற்றில் பத்து டன்னுக்கு மேல் சரக்கு போகும். நெடுந்தூர வழித்தடத்தின் லாபத்தில் அதற்கும் பங்கு உண்டு.

ஓடுதளத்தை நீட்டினால் என்ன என்று கேட்பது எளிது. மதுரையில் நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. சுற்றுச்சாலை குறுக்கே வருகிறது. சின்ன உடைப்புக் கிராமமும் வருகிறது. 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள், மறுகுடியமர்வுக்கு வழி செய்யாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டோம் என்று போராடினார்கள். ஓடுதளத்தின் ஒவ்வொரு மீட்டரும் யாரோ ஒருவருடைய வாசலில் தொடங்குகிறது. வேகமாகப் பறக்க விரும்புகிறவர்கள் அந்த வாசலில் நின்று அவர்கள் சொல்வதைக் கேட்காமல் போவது தர்மமாகாது.

ஓடுதளம் நீண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது இருக்கை. ஏர் இந்தியாவின் பழைய 787-8-இல் 256 இருக்கைகள். நாளுக்கு ஒருமுறை போய்வந்தால் ஆண்டுக்கு 1,86,880 இருக்கைகள். ஐந்தில் நான்கு நிரம்பவேண்டும் என்றால் ஒன்றரை லட்சம் பேர். அதிலும் முன்வரிசையில் உட்காரும் பதினெட்டுப் பேர் கொடுக்கும் காசு, பின்னால் இருக்கும் பல வரிசைகளுக்குச் சமம். கம்பெனிச் செலவில் போகிறவர்கள்தான் அந்தப் பதினெட்டுப் பேர். அவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சொந்தபந்தத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஆறு மாதம் முன்பே மலிவு டிக்கெட் தேடிப் போடுகிறவர்கள். அதனால்தான் சிறு நகரங்களிலிருந்து நெடுந்தூர விமானம் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று என்றே தொடங்குகிறது. கொச்சியிலிருந்து லண்டன் கேட்விக்குக்கு ஏர் இந்தியா பறந்ததும் அப்படித்தான். கொச்சி நிலையம் இறங்குகட்டணத்தையே விட்டுக்கொடுத்து ஊக்குவித்தது. அப்படியும் 2025 மார்ச் இறுதியில் அந்தச் சேவை நின்றது. கைவசம் இருக்கும் பெரிய விமானங்கள் சில. அவற்றுக்காக ஒவ்வொரு ஊரும் மற்ற எல்லா ஊரோடும் போட்டி போடுகிறது. இங்கே லாபம் வந்தால் மட்டும் போதாது, வேறெங்கும் வருவதைவிட அதிகம் வரவேண்டும்.

இந்தக் கணக்கிலேயே ஒரு குருட்டு இடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். திட்டப் பிரிவினர் டிக்கெட் பதிவுத் தரவுகளை விலைக்கு வாங்கி, எந்த ஏர்போர்ட்டிலிருந்து எங்கே எத்தனை பேர் போனார்கள் என்று பார்க்கிறார்கள். வடமதுரைக்காரர் ஒருவர் லண்டன் போக நானூறு கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து சென்னையில் ஏறினால், அந்தத் தரவில் அவர் சென்னைக்காரர். ஒட்டன்சத்திரம், பழனி, வேடசந்தூர்க்காரர்களும் அப்படியே. சென்னையின் எண்ணிக்கை வீங்கும், திருச்சியின் எண்ணிக்கை சுருங்கும். விமானம் இல்லாததால் ஆள் வேறு பக்கம் போகிறார். ஆள் இல்லை என்பதால் விமானம் வரவில்லை. துறையில் இதைக் கசிவு என்கிறார்கள். கசிந்தது எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஊர் ஊராகப் பயண முகவர்களிடமும் பயணிகளிடமும் விசாரிக்கவேண்டும். அந்த உழைப்பை எல்லாரும் செய்வதில்லை.

பஞ்சாபில் இதே கசிவு பல காலம் இருந்தது. ஜலந்தர், லூதியானா வீடுகளிலிருந்து ஆட்கள் ராத்திரி முழுக்கச் சாலையில் டெல்லிக்குப் போய் விமானம் ஏறினார்கள். 2018 பிப்ரவரியில் ஏர் இந்தியா அமிர்தசரஸிலிருந்து நேராக பர்மிங்காமுக்குப் பறந்தபோது, டெல்லிக் கணக்கில் மறைந்துகிடந்தவர்கள் வெளியே தெரிந்தார்கள். அமிர்தசரஸின் ஓடுதளம் 3,600 மீட்டருக்கு மேல். ஆளும் நீளமும் ஒரே ஊரில் அமைந்த இடம் அது.

இப்போது வேறொரு வாசலும் திறக்கிறது. ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் என்ற ஒற்றை நடைபாதை விமானம் 2024 நவம்பரில் ஐபீரியா நிறுவனத்தில் சேவைக்கு வந்தது. அதிகபட்ச எடை 101 டன், காகிதத்தில் 8,700 கிலோமீட்டர் வீச்சு. இருநூறு பேர் போதும். இண்டிகோவும் இதை வாங்குகிறது. ஆனால் திருச்சிக்கு இதை வைத்து உடனே லண்டனைக் கனவு காண வேண்டாம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று, மாற்று நிலையத்துக்கான கூடுதல் எரிபொருள், சித்திரை வெயில் எல்லாவற்றையும் கழித்தால் 8,300 கிலோமீட்டர் இழுபறிதான். கிழக்கே பெர்த் ஏறத்தாழ 6,200 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு இந்த அளவு விமானம் பொருந்தும். பெர்த்திலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மணப்பாறையில் வண்டி ஐந்து நிமிடம் நின்றது. முறுக்குப் பொட்டலம் கைப்பையில் ஏறியது. திருச்சி ஏர்போர்ட்டில் கவுண்டருக்குப் பக்கத்துத் தராசில் பெட்டியை வைத்ததும் சிவப்பு எண்கள் ஓடி நின்றன: 29.8. கவுண்டரில் இருந்த பெண் ஒரு நீளத் தாளைக் கயிற்று முடிச்சுக்குள் நுழைத்து ஒட்டினார். மேலே மெல்போர்னுக்கு மூன்று எழுத்து, அதற்குக் கீழே சிங்கப்பூருக்கு மூன்று, கடைசியில் திருச்சிக்கு மூன்று. வெளியே கண்ணாடிக்கு அப்பால் நின்ற அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை. குக்கர் இருந்த பக்கம் லேசாகப் புடைத்திருந்ததை வைத்துத் தம் பெட்டியை அடையாளம் கண்டு, அது ரப்பர் திரைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.